இளம் இரட்டை நட்சத்திரங்களை அகச்சிவப்பில் அளப்பது எப்படி: மதுரையில் உட்கார்ந்தபடி செய்ய ஒரு முழு வழிகாட்டி

நாகமலை அடிவாரத்தில் இருக்கும் என் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் நான்கைந்து எம்.எஸ்சி. மாணவர்கள் கூடுவார்கள். உசிலம்பட்டியில் இருந்து ஒருவர், மேலூரில் இருந்து இருவர், மற்றவர்கள் உள்ளூர். வேலை ஒன்றுதான். ரிஷப மண்டலத்து மேகங்களில் பிறந்து பத்து இருபது லட்சம் ஆண்டுகளே ஆன இரட்டை நட்சத்திரங்களின் அகச்சிவப்புப் படங்களை எடுத்து, இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, எந்தத் திசை, பிரகாசத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று அளப்பது. மூன்று எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழை அளவு. அவ்வளவே.

எண்ணை எடுக்க அரை நாள் போதும். எடுத்த எண் தப்பு என்று தெரிய எங்களுக்கு ஒரு முறை மூன்று மாதம் ஆனது. கணக்கு தெரியாததால் அந்தத் தப்பு வரவில்லை. பின்னால் பார்க்க வேண்டியதை முன்னாலேயே பார்த்து, முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதால் வந்தது. அதனால் கீழே உள்ள வரிசையை முதல் முறை அப்படியே பின்பற்றுங்கள். கை பழகியபின் மாற்றிக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தொலைநோக்கி வேண்டாம். இதைச் சொன்னதும் புதிதாக வருபவர்கள் முகம் வாடிவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஹவாயில் உள்ள, 10 மீட்டர் கண்ணாடி கொண்ட கெக் தொலைநோக்கி 2.2 மைக்ரான் அலைநீளத்தில் ஏறத்தாழ 0.05 ஆர்க் செகண்ட் வரை பிரித்துப் பார்க்கும் (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்). கொடைக்கானலில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு விளக்கை ஏற்றி வைத்து, மதுரையில் இருந்து அவற்றை இரண்டாகப் பார்ப்பதற்குச் சமம் அது. நம் மொட்டை மாடியில் காற்றுக் கலக்கம் மட்டுமே இதைப் போலப் பல மடங்கு படத்தைப் பரப்பிவிடும்.

நம் நாட்டில் நைனிதால் பக்கம் தேவஸ்தலத்தில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியில் டிர்க்கேம்-2 என்ற அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. அதன் ஒரு பிக்சல் 0.169 ஆர்க் செகண்ட். இரண்டு மூன்று ஆர்க் செகண்ட் இடைவெளியுள்ள இரட்டைகளுக்கு அது போதும், நெருக்கமானவற்றுக்குப் போதாது. ஆகவே ஆர்கைவ் படங்கள்தான் வழி. கெக், சிலியில் உள்ள வி.எல்.டி. போன்ற இடங்களில் எடுத்த படங்கள், எடுத்தவருக்கு மட்டுமான காப்புக் காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளத் திறந்துவிடப்படுகின்றன.

எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினி, பைத்தான், அதில் ஆஸ்ட்ரோபை, சைபை, போட்டூட்டில்ஸ் தொகுப்புகள், படத்தைத் திறந்து பார்க்க டி.எஸ்.9. கெக்கின் நிர்க்-2 கேமராவின் ஒரு படம் 1024-க்கு 1024 பிக்சல், ஏறத்தாழ 4 எம்.பி. ஓர் இலக்குக்கு முப்பது படம், கூடவே டார்க் (ஒளி புகாமல் மூடி எடுத்த படம்), ஃபிளாட் (சீரான ஒளியில் எடுத்த படம்) எல்லாம் சேர்த்தால் 400 எம்.பி. வரும். மொபைல் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம்.

அப்புறம் ஒரு நோட்டு. நிஜமான காகித நோட்டு. சித்திரை மாதத்தில் கரண்ட் போய், சேமிக்காத கணக்கு எல்லாம் போன பிறகு நான் கற்றுக்கொண்டது இது.

2. எந்த ஃபில்டர்

முதல் வேலைக்குக் கே பட்டை, அதாவது 2.2 மைக்ரான் பக்கம். யோசிக்காமல் இதையே எடுங்கள். காரணம் மூன்று.

இளம் நட்சத்திரங்கள் தாம் பிறந்த தூசிக்குள்ளேயே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தூசி 10 மேக்னிடியூட் (பிரகாசத்தை அளக்கும் அலகு) மறைத்தால், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விட்டால், அதே தூசி கே பட்டையில் சுமார் 1.1 மேக்னிடியூட்தான் மறைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி வந்துவிடும். டி டாரி நட்சத்திரத்தின் தெற்கே 0.7 ஆர்க் செகண்டில் இருக்கும் துணை 1982-ல் அகச்சிவப்பில்தான் பிடிபட்டது. கண்ணுறு ஒளியில் அது இன்றும் தெரியாது. பிறகு அந்தத் துணையே இரண்டு என்று தெரியவந்தது.

இரண்டாவது, காற்றின் கலக்கத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைந்து திருத்தும் கண்ணாடி, நீண்ட அலைநீளத்தில் நன்றாக வேலை செய்யும். கே-யைவிடக் குறைந்த அலைநீளமுள்ள ஜே, ஹெச் பட்டைகளில் கொள்கையளவில் கூர்மை அதிகம். ஆனால் திருத்தம் அரைகுறையாக இருந்தால் அந்தக் கூர்மை காகிதத்தோடு நின்றுவிடும்.

மூன்றாவது, இதைவிட நீண்ட 3.8 மைக்ரானுக்குப் போனால் வானமும் தொலைநோக்கியும் தம் சூட்டிலேயே ஒளிர ஆரம்பிக்கும். பட்டப்பகலில் அகல் விளக்கைத் தேடுவது போல ஆகிவிடும். கே அதற்குச் சற்று முன்னால் நிற்கிறது.

3. விடை தெரிந்த இரட்டையில் ஆரம்பியுங்கள்

எல்லோரும் தப்புவது இங்கேதான். யாரும் அளக்காத நட்சத்திரத்தை எடுத்து, புதிதாக ஒரு துணையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தொடங்குவார்கள். உங்கள் வழிமுறை சரியா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. 1993-லேயே இரண்டு குழுக்கள் இந்த மேகங்களை அலசி, இளம் நட்சத்திரங்களில் துணையோடு இருப்பவை சூரியனை ஒத்த வயதான நட்சத்திரங்களில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டிவிட்டன. அதன் பிறகும் பலமுறை அலசியாயிற்று. பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் பட்டியலில் ஏறிவிட்டன. அதுவே நமக்கு வசதி.

நான் கொடுக்கும் வரிசை இது. முதலில் யூ.ஒய். ஆரிகே, இடைவெளி 0.9 ஆர்க் செகண்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது டி.டி. டாரி, 0.55 பக்கம். மூன்றாவது ஜி.ஜி. டாரியின் நடுவில் உள்ள ஜோடி, கால் ஆர்க் செகண்ட். கடைசியாக டி.எஃப். டாரி, 0.1. ஒவ்வொன்றிலும் உங்கள் எண்ணை வெளியான எண்ணோடு, அதே ஆண்டையொட்டிய அளவீட்டோடு ஒப்பிடுங்கள். நகரும் ஜோடிகள் இவை, பத்தாண்டு பழைய எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு "தப்பாக வருகிறது" என்று என்னிடம் வருபவர்கள் உண்டு.

இந்த மேகங்கள் சுமார் 140 பார்செக், அதாவது 460 ஒளியாண்டு தொலைவில் உள்ளன. அங்கே 0.1 ஆர்க் செகண்ட் என்பது பூமி–சூரியன் தூரத்தைப் போல 14 மடங்கு, நம் சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவில் ஓர் இடம். எங்கே இருக்கின்றன என்று காட்டச் சொன்னால், கார்த்திகை மாதத்து நடு இரவில் மாடியில் மல்லாந்து படுங்கள். கார்த்திகைக் கூட்டத்துக்கும் ரோகிணிக்கும் சுற்றுவட்டாரத்தில், மதுரைக்கு ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. மேகம் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் மாணவர்களை ஒரு முறையாவது பார்க்க வைப்பேன்.

4. ஆர்கைவில் தேடும்போது

பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஆயத்தொலைவை வைத்துத் தேடுங்கள். ஒரே நட்சத்திரத்துக்கு ஐந்து பெயர் இருக்கும், இரவில் தூக்கக் கலக்கத்தில் படம் எடுத்தவர் ஆறாவதாக ஒன்றைத் தட்டியிருப்பார்.

நிர்க்-2-ல் நுண் கேமரா வேண்டும், 10 ஆர்க் செகண்ட் அகலம் மட்டும் பார்ப்பது. அகலக் கேமராவில் ஒரு பிக்சல் நான்கு மடங்கு பெரியது, நம் வேலைக்கு ஆகாது. மையத்தை மறைக்கும் தட்டு வைத்து எடுத்த படங்களையும் தள்ளிவிடுங்கள்.

தேதி விஷயத்தில் கவனம். ஹவாயில் இரவு எட்டு மணி என்றால் உலகப் பொது நேரம் மறுநாள் காலை ஆறு, நமக்கு அதே மறுநாள் காலை பதினொன்றரை. ஆர்கைவில் இருப்பது பொது நேரத் தேதி. ஹவாயின் ஓர் இரவு முழுவதும் ஒரே பொதுத் தேதிக்குள் அடங்கிவிடுகிறது என்பது நல்ல வசதி. ஆனால் கட்டுரையில் உள்ளூர்த் தேதி போட்டிருந்தால் ஒரு நாள் தள்ளித் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இலக்கின் படங்களோடு நிறுத்தாதீர்கள். அதே இரவில், அதே ஃபில்டரில், ஏறத்தாழ அதே பிரகாசத்தில் எடுத்த தனி நட்சத்திரம் ஒன்று கட்டாயம் வேண்டும். தொலைநோக்கி ஒரு புள்ளியை அந்த இரவில் எப்படிப் பரப்பியது என்பதை அதுதான் சொல்லும். எட்டாவது படியில் இது இல்லாமல் முட்டி நிற்பீர்கள், அப்போது திரும்பி வந்து தேட அலுப்பாக இருக்கும். டார்க், ஃபிளாட் படங்களையும் இப்போதே அதே நாளில் இருந்து எடுத்துவிடுங்கள்.

5. படத்தைத் திறக்கும் முன் ஹெடரைப் படியுங்கள்

ஃபிட்ஸ் என்பது வானியல் படங்களைச் சேமிக்கும் வடிவம். ஒவ்வொரு ஃபிட்ஸ் ஃபைலின் தலையிலும் நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். நமக்கு வேண்டியவை கொஞ்சம்தான்: எக்ஸ்போஷர் நேரம், எத்தனை எக்ஸ்போஷர் கூட்டப்பட்டது, எந்தக் கேமரா, எந்த ஃபில்டர், வானம் சுழல்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் சுழற்றி எந்த முறையில் ஓடியது, அதன் கோணம். இவற்றை ஓர் அட்டவணையாக நோட்டில் எழுதுங்கள்.

"எத்தனை கூட்டப்பட்டது" என்ற வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நிர்க்-2 பல குட்டி எக்ஸ்போஷர்களைக் கூட்டி ஒரே படமாகத் தருகிறது. படத்தில் உச்சப் பிக்சல் 42,000 என்று பார்த்துப் பதறி ஒருவர் நல்ல படத்தைத் தூக்கி எறிந்தார். கூட்டியது பத்து, ஒன்றுக்கு 4,200. ஒரு பிரச்சினையும் இல்லை. இன்னொருவர் 28,000 உள்ள படத்தை வைத்துக்கொண்டார். கூட்டியது இரண்டே இரண்டு, ஒன்றுக்கு 14,000. ஒரு எக்ஸ்போஷருக்கு 10,000-ஐத் தாண்டினால் நாங்கள் அந்தப் படத்தைத் தொடுவதில்லை. அதற்கு மேல் வரும் ஒளியைக் கேமரா குறைத்து எண்ண ஆரம்பிக்கும்.

குறைத்து எண்ணினால் என்ன ஆகும்? முதன்மை நட்சத்திரத்தின் உச்சி மட்டும் வெட்டுப்படும், துணை அப்படியே இருக்கும். கலசம் இல்லாத கோபுரம் மாதிரி. பிரகாச வித்தியாசம் உண்மையைவிடக் குறைவாக வரும், படத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முன்னால் சொன்ன மூன்று மாதம் இந்த விஷயத்தில்தான் போனது. மூன்று இரவுகளின் எண்கள் ஒத்துப்போகவில்லை, நட்சத்திரமே மினுக்குகிறது என்று நினைத்து ஒரு விளக்கமும் எழுதிவிட்டோம். ஓர் இரவில் உச்சி வெட்டுப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

சுழற்றி முறையையும் பாருங்கள். ஒரு முறையில் வடக்கு எப்போதும் படத்தில் ஒரே திசையில் நிற்கும். இன்னொரு முறையில் வானம் படத்துக்குப் படம் சுழலும். இரண்டாவதைத் தெரியாமல் எல்லாப் படத்தையும் அடுக்கிக் கூட்டினால், துணை ஒரு வில்லாகத் தேய்ந்துபோகும்.

6. சுத்தம் செய்யும் வரிசை

முதலில் டார்க்கைக் கழிப்பது. எக்ஸ்போஷர் நேரமும் கூட்டிய எண்ணிக்கையும் இலக்குப் படத்தோடு பொருந்த வேண்டும். அடுத்து ஃபிளாட்டால் வகுப்பது. விளக்கு எரிந்தபோது எடுத்ததில் இருந்து விளக்கு அணைந்தபோது எடுத்ததைக் கழித்துத்தான் ஃபிளாட் செய்ய வேண்டும். கே பட்டையில் சுவரின் சூடும் சேர்ந்து பதிவாகியிருக்கும். பிறகு கெட்ட பிக்சல்களின் பட்டியல் செய்து, அக்கம்பக்கத்து மதிப்பைக் கொண்டு நிரப்புவது.

அப்புறம் வானம். இலக்கைக் கேமராவில் அங்கும் இங்கும் நகர்த்தி எடுத்திருப்பார்கள். டிதர் என்பது அதுதான். நட்சத்திரம் வேறு இடத்தில் இருக்கும் படங்களின் இடைநிலை மதிப்பே வானம், அதை ஒவ்வொன்றில் இருந்தும் கழிக்க வேண்டும். பலர் மூன்று இடத்தில் மட்டும் எடுத்திருப்பதைப் பார்த்து "நாலாவது ஃபைல் காணோம்" என்று தேடாதீர்கள். நிர்க்-2-ன் கீழ் இடது கால்பகுதியில் இரைச்சல் அதிகம், வேண்டுமென்றே அதை ஒதுக்கியிருப்பார்கள்.

இந்தப் படியில் ஒரு பள்ளம் உண்டு. டிதர் தூரமும் இரட்டையின் இடைவெளியும் ஒன்றாக அமைந்துவிட்டால், ஒரு படத்தின் துணை இன்னொரு படத்தின் முதன்மை மேல் விழும். வானத்தைக் கழிக்கும்போது துணையில் ஒரு பங்கும் போய்விடும். கழித்த படத்தில் கறுப்புக் குழிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நட்சத்திரத்தை ஒட்டி ஒரு குழி இருந்தால் அந்த ஜோடிப் படங்களை வேறு மாதிரி சேருங்கள்.

காஸ்மிக் கதிர்த் தடங்களை நீக்கும் தயார்நிலைக் கருவியை நட்சத்திரத்தின் மேல் ஓட விடாதீர்கள். கூர்மையான புள்ளி எல்லாம் அதற்குக் காஸ்மிக் கதிர்தான். நல்ல இரவின் படத்தில் நட்சத்திரத்தின் நடுப்பகுதி அவ்வளவு கூர்மையாக இருக்கும், அதைச் சீவி எடுத்துவிடும். நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதை விலக்கிவிட்டு மற்ற இடத்தில் ஓட்டுங்கள்.

இந்த நிலையில் படங்களை ஒன்றாகக் கூட்ட வேண்டாம். சுழற்றவும் வேண்டாம். எல்லாப் படமும் தனித்தனியாகவே இருக்கட்டும், காரணம் அளக்கும்போது தெரியும்.

7. அளக்கும் முன் கண்ணால் பாருங்கள்

டி.எஸ்.9-ல் லாகரிதம் அளவில் படத்தைத் திறந்தால் முதலில் பயமாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு புள்ளி, சுற்றி உடைந்த வளையம், அதையும் தாண்டிக் கோலப்பொடி சிந்தினாற்போல நூறு மங்கல் பொட்டுகள். கெக்கின் கண்ணாடி அறுகோணத் துண்டுகளால் ஆனது, அதனால் அந்தச் சிதறலிலும் ஆறு முனை தெரியும். இந்தப் பொட்டுகளில் ஒன்றைத் துணை என்று எண்ணுவது மிக எளிது.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் பஸ்ஸில் வரும்போதே போன் பண்ணினான். "சார், துணை கெடச்சிருச்சு!"

"அடுத்த ஃபிரேம்ல எங்கப்பா இருக்கு?"

"அதே எடத்துலதான் சார். 412, 655."

"நட்சத்திரம் எங்க இருக்கு?"

"அது நகந்துருச்சு சார், டிதர்ல." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சார், வந்து பேசுறேன்."

நட்சத்திரம் நகர்ந்து, பொட்டு நகரவில்லை என்றால் அது கேமராவின் கோளாறு. இது முதல் சோதனை, எளிதானது. ஆனால் இதில் தேறியதாலேயே அது துணை ஆகிவிடாது. ஒளியியல் பொட்டுகள் நட்சத்திரத்தோடு கூடவே நகரும். அவற்றுக்கு இரண்டாவது சோதனை, வேறு ஃபில்டர். பொட்டு அலைநீளத்தோடு வெளியே தள்ளிப் போகும். ஹெச் பட்டையில் 1.63 மைக்ரான், கே பட்டையின் ஒரு வகையான கே பிரைமில் 2.12, ஆகவே இடைவெளி 1.3 மடங்காகும். உண்மையான துணை இரண்டிலும் அதே இடத்தில் நிற்கும். மூன்றாவது, வானம் சுழலும் முறையில் எடுத்த படங்கள் இருந்தால், துணை வானத்தோடு சுழலும், பொட்டு தொலைநோக்கியோடு ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கும்.

முதல் வளையத்தின் மேல், அதாவது கே பட்டையில் 0.07 ஆர்க் செகண்ட் பக்கம், தெரியும் எதையும் நம்பவே நம்பாதீர்கள். அந்த வளையம் ஒருபோதும் சீராக இருப்பதில்லை, ஒரு பக்கம் தடித்துத்தான் இருக்கும். தனி நட்சத்திரத்தின் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள், அதே இடத்தில் அதே தடிப்பு இருக்கும்.

8. அளத்தல்

அரை ஆர்க் செகண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் எளிய வழி போதும். ஒவ்வொரு புள்ளியின் மையத்தையும் கண்டு, சிறு வட்டத்துக்குள் ஒளியைக் கூட்டி, விகிதம் எடுங்கள். துணையின் வட்டத்துக்குள் முதன்மையின் சிதறல் கொஞ்சம் வரும். முதன்மைக்கு நேர் எதிர்ப்பக்கம் அதே தூரத்தில் ஒரு வட்டம் போட்டு, அந்த ஒளியைக் கழித்துவிட்டால் பெரும்பகுதி சரியாகும்.

அதைவிட நெருக்கம் என்றால் தனி நட்சத்திரத்தின் படம்தான் வார்ப்பு அச்சு. அதை இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் வேண்டிய அளவு பெருக்கி, வேண்டிய இடத்தில் வைத்து, இரண்டையும் கூட்டி, நிஜப் படத்தோடு பொருத்துகிறோம். தெரியாத எண்கள் ஏழு: இரண்டு இடங்களுக்கு நான்கு, இரண்டு பிரகாசம், பின்னணிக்கு ஒன்று. சைபையின் குறைந்த-வர்க்கப் பொருத்தம் இதை நொடியில் செய்துவிடும், ஆரம்ப எண்களைக் கண்ணால் பார்த்துக் கொடுத்தால். கொடுக்காவிட்டால் இரண்டு பிரதியும் முதன்மையின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அச்சுக்குப் பதில் மணி வடிவக் காஸியன் வளைவைப் பயன்படுத்தாதீர்கள். காஸியனுக்கு வளையம் கிடையாது. வளையத்தின் ஒளியைத் துணையின் கணக்கில் சேர்த்துவிடும், நெருக்கமான ஜோடிகளில் துணை உண்மையைவிடப் பிரகாசமாக வரும்.

பொருத்தியபின் மாதிரியைக் கழித்து மிச்சத்தைப் பாருங்கள். உச்சத்தில் சில சதவீதம் மிஞ்சுவது சகஜம். ஆனால் மிச்சத்தில் ஒரு பக்கம் வெளுப்பு, மறுபக்கம் கறுப்பு என்று பட்டாம்பூச்சி மாதிரி வந்தால் மையம் தப்பு. துணையைச் சுற்றி முழு வளையம் மிஞ்சினால் அச்சு தப்பு, வேறு நேரத்தில் எடுத்த தனி நட்சத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது தனித்தனியாக வைத்திருந்த காரணம். முப்பது படத்தையும் கூட்டி ஒரு முறை அளந்தால் ஓர் எண்தான் கிடைக்கும், அது எவ்வளவு ஆடும் என்று தெரியாது. முப்பதையும் தனியாக அளந்தால் முப்பது எண்கள், அவற்றின் பரவலே உங்கள் முதல் பிழை அளவு.

பைத்தானில் ஒரு பொறி இருக்கிறது. படத்தை அணியாகப் படிக்கும்போது முதல் எண் ஒய், இரண்டாவது எக்ஸ். டி.எஸ்.9 காட்டுவது எக்ஸ், ஒய், அதுவும் ஒன்றில் இருந்து எண்ணும். இதில் இடம் மாறினால் இடைவெளி சரியாகவே வரும், திசை மட்டும் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிவிடும். இடைவெளி வெளியான எண்ணோடு ஒத்துப்போய், கோணம் மட்டும் விநோதமாக இருந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

9. பிக்சலில் இருந்து வானத்துக்கு

திசைக் கோணம் முதன்மையில் இருந்து துணையை நோக்கி, வடக்கில் தொடங்கிக் கிழக்கு வழியாக அளப்பது. வானப் படத்தில் வடக்கு மேலே என்றால் கிழக்கு இடது பக்கம். தரையில் விரித்த வரைபடப் பழக்கத்தில் வலது என்று எடுத்துவிடுவோம். நாம் வானத்தை உள்ளே இருந்து பார்க்கிறோம்.

ஓர் உதாரணம், எண்கள் கற்பனை. வடக்கு மேலே உள்ள படத்தில் துணை வலப்பக்கம் 40 பிக்சல், கீழே 30 பிக்சல். தூரம் 50 பிக்சல். வலம் என்றால் மேற்கு, கீழே என்றால் தெற்கு, ஆகவே கோணம் 180-க்கும் 270-க்கும் நடுவில் வர வேண்டும் என்று முதலில் நோட்டில் எழுதுங்கள். பிறகு கணக்குப் போடுங்கள்: 233.1 பாகை. சாதாரண டேன்ஜென்ட் தலைகீழைப் போட்டவருக்கு 53.1 வரும், அது நேர் எதிர்த்திசை.

இனி அளவுகோல். நிர்க்-2 நுண் கேமராவில் ஒரு பிக்சல் 9.952 மில்லி ஆர்க் செகண்ட். 2015 ஏப்ரலில் தொலைநோக்கியில் காற்றுக் கலக்கத்தைத் திருத்தும் ஒளியியல் அமைப்பு மறுசீராக்கப்பட்டது, அதற்குப் பிந்தைய படங்களுக்கு 9.971. நம் 50 பிக்சல் முன்னதில் 497.6, பின்னதில் 498.6. ஒரு மில்லி ஆர்க் செகண்ட் வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். பல ஆண்டுப் படங்களை வைத்துச் சுற்றுப்பாதை வரையும்போது 2015-ல் துணை ஒரு துள்ளு துள்ளும்.

கேமராவின் நிமிர்ந்த பக்கமும் வடக்கும் சரியாக ஒன்றாக இல்லை. முந்தைய காலத்துக்கு 0.252 பாகை, பிந்தையதற்கு 0.262. இதைக் கூட்டுவதா கழிப்பதா என்பதை ஊகிக்காமல், அளவுதிருத்தக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு படம் வரைந்து முடிவு செய்யுங்கள். முடிவை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். படத்தின் ஓரங்களில் உள்ள வடிவக் கோணலுக்கும் இரண்டு காலத்துக்கும் தனித்தனி வரைபடம் உண்டு, காலத்தை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

10. பிழையைக் கூட்டுவது

முப்பது எண்களின் பரவலை முப்பதின் வர்க்கமூலத்தால் வகுத்து 0.1 மில்லி ஆர்க் செகண்ட் என்று போட்டு வருவார்கள். அடுத்தடுத்த படங்களில் சிதறல் பொட்டுகள் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், ஆகவே முப்பது படமும் முப்பது தனிச் சாட்சி ஆகாது. வகுக்காமல் பரவலையே போடுவது என் வழக்கம். கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் யாரும் என்னைத் திருத்த வேண்டி வந்ததில்லை.

அதைவிட நல்ல வழி செயற்கை ஜோடி. தனி நட்சத்திரத்தின் ஒரு படத்தை எடுத்து, உங்கள் ஜோடியின் இடைவெளி, பிரகாச விகிதத்தில் நீங்களே ஓர் இரட்டை செய்யுங்கள். இன்னொரு தனி நட்சத்திரப் படத்தை அச்சாகக் கொண்டு அளந்து பாருங்கள். திசையை மாற்றி மாற்றி இருபது முறை. கொடுத்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பிழை. டி.எஃப். டாரி மாதிரி நெருக்கத்தில் இது பரவலைப் போல இரண்டு மூன்று மடங்கு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

11. பிரகாச வித்தியாசத்தை என்ன செய்வது

முழு வானத்தையும் அகச்சிவப்பில் அளந்த டூமாஸ் பட்டியலில் உள்ள கே மதிப்பு இரண்டும் சேர்ந்தது. அதன் பிக்சல் 2 ஆர்க் செகண்ட், இந்த ஜோடிகளைப் பிரிக்காது. வித்தியாசம் 1 மேக்னிடியூட் என்றால், முதன்மை மொத்தத்தைவிட 0.36 மங்கல், துணை 1.36 மங்கல்.

ஆனால் இளம் நட்சத்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். டூமாஸ் எடுத்த நாள் வேறு, உங்கள் படம் வேறு நாள். நிறம் வேண்டும் என்றால் இரண்டு ஃபில்டரும் ஒரே இரவில் எடுத்ததாக இருக்கட்டும். இந்த மாற்றத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும் ஜோடியில், இந்த ஆண்டு பிரகாசமானது அடுத்த ஆண்டு மங்கலாகலாம். "பிரகாசமானதே முதன்மை" என்று ஒவ்வோர் இரவிலும் புதிதாக முடிவு செய்தால் கோணம் 180 பாகை குதிக்கும். முன்பு வெளியான கட்டுரைகளில் எது முதன்மையோ அதையே கடைசி வரை வைத்திருங்கள். கே பட்டையில் பிரகாசமானது நிறை அதிகமானது என்றும் எடுக்காதீர்கள், சூடான தூசித் தட்டும் கே-யில் ஒளிரும்.

12. துணையா, வழிப்போக்கனா

அரை ஆர்க் செகண்டுக்குள் பிரகாசமான ஒன்று தற்செயலாக வந்து நிற்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டு மூன்று ஆர்க் செகண்டில் மங்கலாக ஒன்று இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்த மேகத்து நட்சத்திரங்கள் ஆண்டுக்கு 20 மில்லி ஆர்க் செகண்ட் போல நகர்கின்றன. பின்னால் இருக்கும் தூரத்து நட்சத்திரம் அநேகமாக நகராது. இரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படம் இருந்தால் 40 மில்லி ஆர்க் செகண்ட், நான்கு பிக்சல், விலகித் தெரியும். விலகாவிட்டால் கூடவே போகிறது.

தொலைவுக்குக் கையா விண்கலம் அளந்த இணைமாறு எண்ணை (தொலைவைக் கணக்கிட உதவும் கோணம்) நேரடியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெருக்கமான ஜோடியைக் கையா ஒரே நட்சத்திரமாகப் பார்த்துக் குழம்பியிருக்கலாம். ஒற்றை நட்சத்திரம் என்ற கணக்கு எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் ருவே என்ற எண் 1.4-ஐத் தாண்டியிருந்தால் அப்படித்தான் என்று வையுங்கள். அதே மேகத்தில் பக்கத்தில் உள்ள தனி நட்சத்திரங்களின் சராசரித் தொலைவு அதைவிட நம்பகமானது. தொலைவு கிடைத்தால் நிறைக்கும் வழி உண்டு: பாதையின் அரை நெடுஅச்சு 14 பூமி–சூரியன் தூரம், ஒரு சுற்றுக்கு 48 ஆண்டு என்றால், 14-ன் கனத்தை 48-ன் வர்க்கத்தால் வகுக்க இரண்டும் சேர்ந்து 1.2 சூரிய நிறை. தொலைவில் 5 சதவீதத் தப்பு நிறையில் 15 சதவீதம் ஆகும் என்பதை மறக்காதீர்கள்.

13. மாட்டிக்கொண்டால் எப்படிக் கேட்பது

"சார், தப்பா வருது" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, வேறு யாராலும் முடியாது. சுத்தம் செய்யாத மூலப் படம் ஒன்று, அதன் முழு ஹெடர், பொருத்திய பின் மிஞ்சிய படம், நோட்டில் எழுதிய அட்டவணையின் போட்டோ, இந்த நான்கையும் அனுப்புங்கள். முதலில் உச்சப் பிக்சலைக் கூட்டிய எண்ணிக்கையால் வகுத்துவிட்டு அனுப்புங்கள். பாதிப் பேர் அந்த வகுத்தலோடு நின்றுவிடுகிறார்கள், அப்புறம் எனக்கு மெசேஜ் வருவதில்லை.